இருபதரை கிராம்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சும்மா கொடுப்பார்கள். மருந்துக்கடையில் வாங்கினால் ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. கிழித்துக் கொட்டினால் 20.5 கிராம் வெள்ளைப் பொடி: குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002-இல் வகுத்த கணக்கு இது. ஓ.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்தில் ஊர் ஊராகத் தெரிந்த இந்தப் பொட்டலம், காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் சாகவிருந்த கோடிக்கணக்கான குழந்தைகளைப் பிழைக்க வைத்திருக்கிறது.

உறையின் மேல் ஒரு வரி அச்சிட்டிருக்கும்: ஒரு லிட்டர் குடிநீரில் கரைக்கவும். அந்த ஒரு லிட்டர் உறைக்குள் இல்லை. அதை வீட்டுக்காரர்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும். நல்ல தண்ணீர் கிடைக்காததால் நோயில் விழுந்த வீட்டிடம், மருந்து கரைக்க நல்ல தண்ணீர் கொண்டுவா என்று கேட்கிற மருந்து இது. இதன் வரலாற்றைப் பின்தொடர்ந்து போனால், யாருக்குத் தண்ணீர் வந்தது, யாருக்கு மருந்து மட்டும் வந்தது என்ற கணக்கும் கூடவே வரும்.

காலராவில் மனிதனைக் கொல்வது கிருமி என்பதைவிட நீரிழப்பு என்பதே சரி. கடுமையான நோயாளியின் உடலிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்வரைகூட வெளியேறும். காலையில் நடமாடியவர் மாலைக்குள் கண் குழிந்து, தோல் சுருங்கி, நாடி அடங்கிப்போவார். போன நீரைத் திருப்பிக் கொடுத்தால் பிழைப்பார் என்பது 1832-லேயே தெரிந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் உப்புநீரை இரத்தக்குழாயில் ஏற்றி, சாகக் கிடந்த சிலரை எழுப்பினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெனார்டு ராஜர்ஸ் கல்கத்தாவில் அந்த முறையைச் செம்மைப்படுத்தினார். ஆனால் சலைன் ஏற்ற கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும், ஊசி வேண்டும், நரம்பு பிடிக்கத் தெரிந்த கை வேண்டும், படுக்க ஒரு கட்டில் வேண்டும். காலரா பரவுகிற இடங்களில் இந்த நான்கும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். மருந்து ஆஸ்பத்திரியில் இருந்தது. நோய் சேரியிலும் ஆற்றங்கரைக் குடிசையிலும் இருந்தது.

வாய்வழியே குடிக்கக் கொடுத்தால் என்ன என்று எவருக்கும் தோன்றாமல் இல்லை. காலரா குடலின் உட்சுவரையே உரித்துவிடுகிறது, குடிப்பது எதுவும் உள்ளே தங்காது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்ததுதான் தடை. 1953-இல் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் கொடுத்து 186 நோயாளிகளைக் கவனித்ததாக லான்செட் இதழில் எழுதினார். யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1959-இல் அதே கல்கத்தாவில் சம்புநாத் தே, காலராக் கிருமி சுரக்கும் நச்சுதான் குடலிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது என்று நிரூபித்தார். அப்படியானால் குடல் அழியவில்லை, அதன் போக்குதான் திசை மாறியிருக்கிறது.

மறு ஆண்டு பிராக் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் இன்னொரு துப்பைக் கொடுத்தார். குடல் சுவரில் ஒரு வாசல் உண்டு. அதில் சோடியம் தனியாகப் போகாது, குளுக்கோஸும் தனியாகப் போகாது. இணைபிரியாத ஜோடியாகத்தான் நுழையும். அவை நுழைந்தால் தண்ணீர் தானாகப் பின்னால் வரும். காலரா மற்ற வழிகளைக் குலைத்தாலும் இந்த வாசலைத் தொடுவதில்லை. வெறும் உப்புநீரைக் கொடுத்தால் பேதியோடு போய்விடும். வெறும் சர்க்கரைத் தண்ணீரும் போதாது. இரண்டும் சரியான அளவில் சேர வேண்டும். அளவு தப்பினால் மருந்தே விஷம். 1962-இல் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் இந்தக் கலவையைச் சோதித்தபோது கரைசல் அதிகக் கெட்டியாக இருந்தது. நோயாளிகளில் சிலர் இறந்தனர். அவர் சோதனையை நிறுத்திவிட்டார்.

1968-இல் டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க மருத்துவர்கள் அந்த அறுந்த நூலை மீண்டும் பிடித்தார்கள். அவர்கள் கண்டுபிடித்தது புதிய மருந்து அன்று, ஓர் ஒழுங்கு. காலராக் கட்டிலின் நடுவில் ஓட்டை இருக்கும், கீழே வாளி. வாளியில் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவைக் கணக்காகக் குடிக்கக் கொடுத்தார்கள். 29 நோயாளிகளிடம் செய்த சோதனையில் ஊசிவழிச் சலைனின் தேவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆய்வுக்கூடத்தில் வெற்றி. ஆனால் அளந்து கொடுக்க ஆள் இருக்கிற இடத்தில்தான் இது நடக்கும், பட்டிக்காட்டில் நடக்காது என்று நிபுணர்கள் சொன்னார்கள்.

அந்தச் சந்தேகத்துக்கு வரலாறு கொடூரமான ஒரு பரீட்சை வைத்தது. 1971-இல் கிழக்கு பாகிஸ்தானில் நடந்த படுகொலைகளுக்குத் தப்பி ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோர ஊரான பன்காவுனில் மட்டும் மூன்றரை லட்சம் பேர். பருவமழை, கூடாரம், திறந்தவெளி மலம், சேற்றுநீர் எல்லாம் ஒன்று சேர, காலரா வந்தது. ஆஸ்பத்திரியின் காலரா வார்டில் 16 கட்டில். ஜூன் கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தவர் குழந்தை மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ். கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். அவர் பிறந்த கிஷோர்கஞ்ச் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நோயாளிகள் தரையெங்கும் கிடந்தார்கள். ஊசி ஏற்ற வேண்டுமானால் அவர்களின் வாந்தியிலும் மலத்திலும் மண்டியிட்டுத்தான் ஏற்ற வேண்டும். குழுவில் சலைன் ஏற்றத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். சலைன் பாட்டில்களும் தீர்ந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் நம் பொட்டலம் பிறந்தது. கல்கத்தா மையத்தின் நூலக அறையைக் கலவைக்கூடமாக மாற்றினார்கள். 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. தராசில் நிறுத்து, பாலிதீன் பையில் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினார்கள். ஒரு லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. பன்காவுனில் டிரம்மில் தண்ணீர் நிரப்பிப் பொடியைக் கரைத்துக் குழாய் வைத்தார்கள். நோயாளியின் அம்மாவோ அக்காவோ கணவனோ குவளையில் பிடித்து வந்து புகட்டினார்கள். தாகம் அடங்கும்வரை கொடுங்கள் என்பதுதான் அவர்களுக்குச் சொன்ன மொத்தப் பாடம். பயன்படுத்தியவர்கள் அதை 'ஓரல் சலைன்' என்றார்கள்.

முகாமில் முன்பு நூறு நோயாளிகளில் முப்பது பேர்வரை செத்துக்கொண்டிருந்தார்கள். கரைசல் கொடுத்த நோயாளிகளில் இறந்தவர்கள் 3.6 சதவீதம். எட்டு வாரங்களில் 3,700-க்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை நடந்தது. மருந்தின் சக்தியைவிட அதைக் கொடுத்த கைதான் இங்கே பெரிய செய்தி. எழுதப் படிக்கத் தெரியாத உறவினர் புகட்டினாலே போதும் என்று தெரிந்த நாளில், டாக்டர் இல்லாத ஊருக்கும் இந்த மருந்து போகலாம் என்றாகிவிட்டது.

மருத்துவ உலகம் உடனே கைதட்டிவிடவில்லை. கட்டுப்பாட்டுக் குழு வைத்துச் செய்யாத சோதனை, குவளையை அம்மா கையில் கொடுத்த வைத்தியம் என்று முகம் சுளித்தார்கள். மஹாலனாபிஸின் கட்டுரை 1973-இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ இதழில் வந்தது. பன்காவுனை நேரில் பார்த்துவிட்டுப் போன உலக சுகாதார நிறுவனத்தின் திமான் பருவா தன் நிறுவனத்துக்குள் விடாமல் வாதாடினார். 1978-இல் உலக வயிற்றுப்போக்குக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று அதே ஆண்டு லான்செட் தலையங்கம் எழுதியது. 1980-களின் நடுவில் சோடா உப்புக்குப் பதில் சிட்ரேட் சேர்ந்தது. வெக்கையான நாடுகளில் பொடி கெடாமல் அதிக நாள் தாங்கியது. 2002-இல் உப்பும் குளுக்கோஸும் குறைக்கப்பட்டுப் பொட்டலம் இன்றைய எடைக்கு வந்தது. மஹாலனாபிஸ் 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் காலமானார். பத்ம விபூஷண் மறு ஆண்டு, அவர் இல்லாத வீட்டுக்கு வந்தது.

பொட்டலம்கூடப் போய்ச் சேராத இடங்களுக்கு என்ன வழி? இதற்கு விடை சொன்னது வங்கதேசம். ஃபஸ்லே ஹசன் அபெத் நிறுவிய பிராக் (BRAC) அமைப்பு, 1979-இல் சுல்லா பகுதியில் வெள்ளோட்டம் பார்த்துவிட்டு, மறு ஆண்டிலிருந்து பெண் ஊழியர்களை வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இவ்வளவுதான் மருந்து. ஆனால் உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. அதனால் ஊழியர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட முடியாது. தாய் தன் கையாலேயே கலந்து காட்ட வேண்டும். பிறகு வேறொருவர் வந்து சில வீடுகளில் கேட்பார்: எதெல்லாம் நினைவிருக்கிறது, கலந்து காட்டுங்கள். அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதை வைத்துத்தான் ஊழியருக்குச் சம்பளம். எத்தனை வீடு ஏறி இறங்கினாய் என்று கேட்காமல் எத்தனை பேர் கற்றுக்கொண்டார்கள் என்று கேட்ட திட்டம் அது. பத்தாண்டுகளில் ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு இப்படிப் போனார்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலை உலகில் மிக அதிகமாகப் பயன்படுத்தும் நாடுகளில் ஒன்றாக வங்கதேசம் ஆனது.

தமிழ்நாட்டின் பெயரும் இந்தக் கதையில் இரண்டு இடங்களில் வருகிறது. 1992-இல் ஓ139 என்ற புதிய காலரா வகை முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். பழைய வகைக்கு உடலில் எதிர்ப்பு ஏறியிருந்த பெரியவர்களும் விழுந்தார்கள். இந்தியா, வங்கதேசம் என்று பரவியது. கிருமி புதிது, பொட்டலம் பழையதுதான். ஆனாலும் வேலை செய்தது, ஏனென்றால் அது கிருமியைத் தேடிப் போவதில்லை, போன நீரைத் திருப்புகிறது. இரண்டாவது, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலோடு சேர்த்தால் காலரா நோயாளியின் பேதி குறைகிறது, சீக்கிரம் நிற்கிறது என்று பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு 2000-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதியது.

இத்தனை எளிய மருந்து எல்லோருக்கும் கிடைத்திருக்க வேண்டுமே? 2019-21-இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். பெற்றவர்கள் 60.6 சதவீதம். கூடவே கொடுக்க வேண்டிய ஜிங்க் மாத்திரை பெற்றவர்கள் 30.5 சதவீதம். பன்காவுனுக்கு அரை நூற்றாண்டு கழித்தும் பத்துக்கு நான்கு பிள்ளைகளுக்குப் பொட்டலம் போய்ச் சேரவில்லை.

காரணம் தேடிக் கர்நாடகத்திலும் பீகாரிலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2024-இல் சயன்ஸ் இதழில் வெளியானது. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பேதி என்று சொல்லிக்கொண்டு, நடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் தனியார் வைத்தியர்களிடம் போனார்கள். கடையில் சரக்கில்லை என்பது மிகச் சிறிய காரணமாகவே இருந்தது. இவர்கள் ஓ.ஆர்.எஸ். கேட்டு வந்தவர்கள் இல்லை, வேறு ஏதோ பெரிய மருந்தை எதிர்பார்க்கிறார்கள் என்று வைத்தியர் தாமாக நினைத்துக்கொள்வதுதான் பெரிய காரணம். வந்தவர் வாய்திறந்து ஓ.ஆர்.எஸ். பற்றிச் சொன்னபோது எழுதிக் கொடுத்தவர்கள் கூடினார்கள். உப்பும் சர்க்கரையும் எழுதிக் கொடுக்கிறவர் என்ன டாக்டர் என்று நாம் நினைப்போம் என அவரும், எழுதாவிட்டால் தேவையில்லை போலும் என நாமும் எண்ணிக்கொள்ள, ஆண்டிபயாடிக் விற்றுக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பக்கம் போலிகள். பெயரோடு ஓ.ஆர்.எஸ். என்று ஒட்டிக்கொண்டு, அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு விற்ற பானங்களில் இருந்த சர்க்கரை, கணக்கைவிடப் பல மடங்கு. பேதியாகும் குழந்தைக்கு அவ்வளவு சர்க்கரை போனால் நீர் இன்னும் வெளியேறும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் தொடர்ந்து போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், குறிப்பிட்ட கலவை இல்லாத எந்தப் பானமும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது என்று உத்தரவிட்டது.

இதெல்லாம் பொட்டலத்தின் வெற்றியும் தோல்வியும். உறைக்கு வெளியே இருக்கும் தண்ணீருக்கு வருவோம்.

ஐரோப்பாவில் காலரா ஒழிந்தது இந்தப் பொடியால் இல்லை. 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குழாயில் விட்டது. பக்கத்திலேயே ஒட்டிக்கிடந்த அல்டோனா நகரம் அதே ஆற்று நீரை மணல் வழியாக வடிகட்டிக் கொடுத்தது. ஹாம்பர்க்கில் 8,600 பேர் இறந்தார்கள். அல்டோனா பெரும்பாலும் தப்பியது. எல்லைத் தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் நோய், எதிர்ப்பக்கத்தில் இல்லை. லண்டன் அதற்கு முன்பே பெரும் சாக்கடைகளைக் கட்டிவிட்டது. குளுக்கோஸ் வாசலை யாரும் கண்டுபிடிப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்னாலேயே அந்த ஊர்களில் காலரா பழங்கதையாகிவிட்டது. அவர்களுக்குக் குழாயும் சாக்கடையும் வந்தன. குழாய் வராத நாடுகளுக்குப் பொட்டலம் வந்தது.

2010-இல் ஹைட்டி. நிலநடுக்கத்துக்குப் பின், அமைதி காக்கும் ஐ.நா. படை முகாமின் கழிவு, ஆர்டிபோனிட் ஆற்றில் சேரும் ஓர் ஓடையில் கலந்தது. அந்த ஆற்றைத்தான் கரையோர ஏழைகள் குடித்தார்கள். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்று, ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மடிந்தார்கள். 2016 டிசம்பரில் பான் கி மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அங்கே கப்பல் கப்பலாகப் பொட்டலம் போனது, உயிர்களையும் காப்பாற்றியது. ஆற்றைத் தவிர வேறு தண்ணீர் இல்லாதவர்கள் அந்த ஆற்றையேதான் மீண்டும் குடித்தார்கள்.

தூரத்துக்குப் போக வேண்டாம். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, புதுச்சேரி அரசு பொது சுகாதார அவசரநிலை அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்புக் குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. ஆஸ்பத்திரியில் தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது அதில் மனித மலம் கிடந்தது. அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்த கரைசல் அவர்களின் உடம்பைத் தேற்றியிருக்கும். ஒரு தொட்டித் தண்ணீர் யாருக்கானது என்பதைச் சாதி தீர்மானிக்கிற ஊரில், உப்பும் சர்க்கரையும் செய்யக்கூடிய வேலைக்கு ஓர் எல்லை உண்டு.

ஜல் ஜீவன் திட்டம் 2019-இல் தொடங்கியபோது 3.23 கோடிக் கிராமப்புற வீடுகளில் குழாய் இருந்தது. இன்று 15 கோடியைத் தாண்டிவிட்டது. பெரிய சாதனைதான். ஆனால் குழாய் வருவது ஒன்று, அதில் நல்ல தண்ணீர் வருவது இன்னொன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடும் ஊரில், தண்ணீர் நின்ற நேரத்தில் குழாயில் அழுத்தம் போய்விடும். விரிசல் இருந்தால் பக்கத்தில் ஓடும் சாக்கடை உள்ளே இழுபடும். அடுத்த முறை மோட்டார் போட்டவுடன் முதலில் வருவது அதுதான். மேட்டுத் தெருவில் ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்பவருக்கு அது தெரியாது. கடைக்கோடித் தெருவில் குழாயடியில் குனிந்து பிடிக்கிறவர் வீட்டில்தான் பிள்ளைக்குப் பேதி. உலகில் பாதுகாப்பான குடிநீர் கிடைக்காதவர்கள் 2024 நிலவரப்படி 210 கோடிப் பேர். வயிற்றுப்போக்கால் ஆண்டுதோறும் இறக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 4.4 லட்சம். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது 45 லட்சத்துக்கு மேல் இருந்தது. குறைந்ததில் பொட்டலத்துக்குப் பெரிய பங்குண்டு. மிஞ்சியிருப்பது பெரும்பாலும் தண்ணீரின், கழிப்பறையின் பாக்கி.

வாசகர் செய்யக்கூடியவை இரண்டு. வீட்டில் குழந்தைக்குப் பேதியென்றால் டாக்டரிடம் ஓ.ஆர்.எஸ். வேண்டும், ஜிங்க் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கொதிக்க வைத்து ஆறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரையுங்கள், 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். இரண்டாவது, ஒரே தெருவில் நாலைந்து வீடுகளில் ஒரே வாரம் பேதி என்றால் அது அந்த வீடுகளின் சமாச்சாரம் இல்லை, குழாயின் சமாச்சாரம். ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ எழுதிக் கொடுங்கள். தெருவின் கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி; சோதிக்க ஆகும் நேரம் சில நிமிடம். சோதித்தீர்களா என்று கேளுங்கள், முடிவை எழுத்தில் கேளுங்கள். பொட்டலம் கொடுப்பதோடு தன் கடமை முடிந்தது என்று எந்த அரசும் நினைத்துவிட நாம் விடக்கூடாது.